ராகு காலத்தில் மட்டும்

தலையைக் குனிஞ்சு வாம்மா. அந்த வளைவுல சன்ஷேடு கொஞ்சம் தாழ்வா இருக்கும். இந்த வீடு கட்டுன நாள்ல இருந்து ஒருத்தர்கூட அதுல முட்டிக்கிட்டது இல்ல. ஏன்னா வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சொல்லிருவேன். எங்க வீட்டுக்காரர் கேப்பாரு, "யாருமே முட்டலையே, அப்புறம் எதுக்குத் தினமும் சொல்ற?"ன்னு. நான் சொல்றதுனாலதானே முட்டல? அந்த மனுசனுக்கு இது இன்னிவரைக்கும் புரியல.

இதுதான் மாடி போர்ஷன். ஹாலு, ஒரு ரூமு, அடுப்படி. காத்து நல்லா வரும். தண்ணிக்குக் குறையில்ல. மேல டேங்க் இருக்கு. அது விழாது, நீ பயப்படாத. நான் காலையிலயும் சாயங்காலமும் ஏறி நின்னு அதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

உன் போன் அடிக்குது பாரு. எடுக்கலையா? அம்மாவா? அட, கட் பண்ணிட்டியே. சரி, உன் இஷ்டம். இங்க உக்காரு. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், கீழ பேத்தி தூங்குறா.

என்ன அப்படிப் பாக்குற? இந்தம்மா எதுக்கெடுத்தாலும் பயப்படும் போலயேன்னு நெனைக்கிற. எனக்குப் பயமே கிடையாதும்மா. நான் கவலைப்படுறவ. ரெண்டும் வேற வேற. பயந்தவ எந்திரிச்சு ஓடிருவா. கவலைப்படுறவ அங்கேயே நின்னு கடைசிவரைக்கும் பாத்துக்குவா.

என் கணக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நீ எதை முன்னாடியே நெனைச்சு மனசைப் போட்டு ஒழப்பிக்கிறியோ, அது நடக்காது. எதை நெனைக்காம விட்டியோ, அதுதான் வந்து நிக்கும். என் மக சிவரஞ்சனி கல்யாணத்துல பாத்தேனே! மழை வருமான்னு கவலைப்பட்டேன், ஒரு தூத்தல் இல்ல. கரண்டு போகுமான்னு கவலைப்பட்டேன், போகல. சமையல்காரர் குடிச்சுட்டு வந்துருவாரோன்னு கவலைப்பட்டேன், அந்த மனுசன் டீகூடக் குடிக்கல. எல்லாத்தையும் நெனைச்சவ, குரங்கை நெனைக்கலம்மா. மலையடிவாரத்துக் கோயில்ல கல்யாணம். தாலி கட்டப் போற நேரத்துல ஒரு குரங்கு வந்து மாப்பிள்ளை மாலையைத் தூக்கிட்டுப் போயிருச்சு. கோபுரத்துல உக்காந்து, ஒவ்வொரு ரோசாப்பூவாப் பிச்சுத் தின்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. குரங்கு நம்ம கவனத்துல வராமப் போச்சேன்னு. அன்னையில இருந்து எதுக்குக் கவலைப்பட்டாலும் கடைசியா குரங்கையும் சேத்துக்குவேன். அதுக்கப்புறம் ஒரு குரங்கு வந்திருக்கா எங்க வீட்டுப் பக்கம்? இல்லையே.

எங்க வீட்டுக்காரரு குருசாமி இருக்காரே, ஈபியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, அவருக்குக் கவலையே கிடையாது. கம்பத்துல ஏறி நின்னுக்கிட்டே பாட்டுப் பாடுவாராம். எப்படிப் பாடாம இருப்பாரு? கீழ வீட்டுல நான் ஒருத்தி உக்காந்து அவருக்கும் சேத்துப் பட்டுக்கிட்டு இருந்தேனே. ஒரு வீட்டுக்கு ஒருத்தர் கவலைப்பட்டாப் போதும். ரெண்டு பேர் பட்டா வீண்.

இதுல என் மகளுக்குத்தான் கோவம். கோயம்புத்தூர்ல கட்டிக்குடுத்திருக்கேன். கட்டிக்குடுத்தேன்னா, அவளாப் பாத்துக்கிட்ட பையன்தான். நல்ல பையன். நான் முன்னாடியே எல்லாக் கெட்டதையும் நெனைச்சு வச்சதுனால நல்ல பையனா அமைஞ்சிட்டான். உண்டாயிருக்கேன்னு அவ போன்ல சொன்ன அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை வாயால சொல்ல முடியாது. சந்தோசப்பட்டுட்டு, அப்படியே வேலைய ஆரம்பிச்சுட்டேன். காலையில ஒரு போன், மத்தியானம் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். தலை சுத்துதா? கால் வீங்குதா? மாடிப்படி ஏறுனியா? யாராவது பப்பாளி குடுத்தாங்களா? நாய் கீய் தெருவுல இருக்கா? அவ ஒருநாள் சொன்னா, "அம்மா, நீ போனை வச்சப்புறம்தான்ம்மா எனக்குத் தலை சுத்துது"ன்னு. பாத்தியா, தலை சுத்துதுன்னு உண்மையை ஒத்துக்கிட்டா. கேட்டதுனாலதானே தெரிஞ்சது?

அவ மாமியா நாகமணியம்மா இருக்காங்களே, அவங்க எனக்கு நேர் எதிரு. அவங்க முன்னாடி ஒரு கெட்ட வார்த்தை பேசக்கூடாது. கெட்ட வார்த்தைன்னா வசவு இல்ல. காய்ச்சல், ஆஸ்பத்திரி, பஞ்சர், இந்த மாதிரி. நான் வாயைத் தொறந்தாலே கையைப் புடிச்சுக்குவாங்க. "அட, அந்தப் பேச்சை விடுங்க சம்பந்தியம்மா. வாயில வெக்காதீங்க. மேல தேவதைங்க போயிட்டே இருக்குமுங்க. நாம எதைச் சொன்னாலும் ‘அப்படியே ஆகட்டும்’னு சொல்லிப்போட்டுப் போயிருமுங்க." நான் கேட்டேன், "நானும் வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன், ஒண்ணுகூட ஆகலையே, உங்க தேவதைக்குக் காது மந்தமா?"ன்னு. சிரிச்சுக்கிட்டே தண்ணி கொண்டாரப் போயிட்டாங்க. என்ன ஒரு நிம்மதியான பொம்பளைடான்னு எனக்கு உள்ளுக்குள்ள பொறாமைதான்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே? அதுதானே முறை? அவங்க பக்கத்துல கட்டுச்சோறுன்னு சொல்லுவாங்க. நாம வகைவகையாச் சோறு கட்டிக்கிட்டுப் போயி, அங்க எல்லாருக்கும் விருந்து வச்சு, பிள்ளையை அழைச்சிட்டு வரணும். வேன் புடிச்சு, சொந்தக்காரங்களை ஏத்திக்கிட்டுப் போனேன். புளியோதரை நானே கிண்டுனது. பந்தியில பரிமாறும்போது எனக்கு ஒரு சந்தேகம். விருதுநகர்ல கட்டுனது, கோயம்புத்தூர் வர்றதுக்குள்ள ஊசிப்போயிருக்குமோ? பக்கத்துல இருந்தவங்ககிட்ட, "மோந்து பாத்துட்டுச் சாப்பிடுங்க"ன்னு சொன்னேன். அடுத்தவங்களுக்கும் சொன்னேன். விட்டுப்போகக் கூடாதுல்ல, பந்தி முழுக்கச் சொன்னேன். அம்புட்டு அருமையான புளியோதரை, ஒருத்தரும் தொடல. ஆனா ஒருத்தருக்கும் வயித்து வலியும் வரல, அதையும் பாக்கணும்.

அப்புறம் வளையல் போடுறாங்க. கண்ணாடி வளையலாச்சே, ஒடைஞ்சு கையைக் கிழிச்சா என்ன பண்றதுன்னு கேட்டேன். கேக்கக் கூடாதா? நாகமணியம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க. வெளிய வந்து வேன் டிரைவர்கிட்ட, "தம்பி, பிள்ளைத்தாச்சியைக் கூட்டிட்டுப் போறோம், பிரேக் நல்லா புடிக்குமா, வழியில எந்தெந்த ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கு?"ன்னு விசாரிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா, என் மக வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கா. கை நிறைய வளையல், கண்ணு நிறையத் தண்ணி.

"அம்மா, நான் வரல"ன்னா.

"வெளையாடாதடி, நேரமாகுது"ன்னேன்.

"நெசமாத்தான். உங்கூட இருந்தா எனக்கு மூச்சு முட்டுதும்மா. நீ கவலைப்படுறதை நிறுத்து. நிறுத்திட்டேன்னு எனக்குத் தெரிஞ்சா வர்றேன். இல்லன்னா இங்க அத்தைகிட்டயே பெத்துக்கிறேன்."

வந்த வேன்லயே திரும்புனோம். அவளுக்குன்னு முன் சீட்டுல தலகாணி வச்சு, பெட்ஷீட் விரிச்சு வச்சிருந்தேன். அது அப்படியே காலியா வந்துச்சு. நான் அழுதேன்ம்மா. சொல்றதுக்கு என்ன வெக்கம்? பழனி தாண்டுற வரைக்கும் அழுதேன். தெருவுல எறங்குனா எல்லாரும் எட்டிப் பாக்குறாங்க, பிள்ளை எங்கன்னு. "டாக்டர் அலைய வேண்டாம்னுட்டாரு"ன்னு சொன்னேன். சோத்துப் பாத்திரத்தைக் கழுவக்கூட மனசு வரல. பெத்த பிள்ளை, ஆத்தா வீடு வேண்டாம்னு சொல்லிட்டாளே. அது எந்தக் கவலையிலயும் நான் சேக்காத ஒண்ணு.

எங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு, "மதுரையில கவுன்சிலிங் பண்ற ஒரு டாக்டரம்மாகிட்ட நம்ம மக உனக்கு நேரம் வாங்கி வச்சிருக்கா, வா போவோம்"னு. நான் என்ன பைத்தியமான்னு கத்துனேன். ஆனா போனேன். பேரப்பிள்ளை மொதல்ல எங்கையில அழணுமே, அதுக்காக எங்க வேணாலும் போவேன்.

அந்த டாக்டரம்மா உன் வயசுதான் இருக்கும். என்னைப் பேச விட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தா. பாவம், வெளிய அடுத்த ஆளுங்கல்லாம் கொட்டாவி விடுறாங்க. கடைசியில சொல்றா, "அம்மா, கவலையே படாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் உங்களால முடியாது. தினமும் அரைமணி நேரம் அதுக்குன்னு ஒதுக்குங்க. அப்ப மட்டும் ஆசை தீரப் படுங்க. மத்த நேரத்துல வந்தா, இப்ப இல்ல, அப்புறம் வான்னு சொல்லி அனுப்பிருங்க." எனக்கு அவளை ரொம்பப் புடிச்சுப்போச்சு. மொத மொத ஒருத்தி என் வேலையை வேலைன்னு மதிச்சு, அதுக்கு ஒரு டைமும் போட்டுக் குடுக்குறா பாரு.

எந்த நேரம்னு மட்டும் அவ சொல்லல, நம்ம வசதிக்கு விட்டுட்டா. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பாத்தேன். டக்குன்னு தோணுச்சு. ராகு காலம்! யோசிச்சுப் பாரு. ராகு காலத்துல ஆரம்பிச்ச எந்தக் காரியமும் உருப்படாதுன்னுதானே சொல்றாங்க? அப்ப அந்த நேரத்துல நெனைச்ச கெட்டதும் உருப்படக் கூடாதுல்ல? இம்புட்டு நாளும் கண்ட நேரத்துல கவலைப்பட்டு வீணாக்கிட்டேனேன்னு இருந்துச்சு. அதோட, அந்தப் பொண்ணு அரைமணிதான் சொன்னா. ராகு காலம் ஒன்றரை மணி நேரம். கிடைக்கிறதை விடுவானேன்?

அப்படியே பழக்கிக்கிட்டேன். திங்கட்கிழமைன்னா காலையில இட்லி ஊத்தி வச்சுட்டு உக்காந்துருவேன். வெள்ளிக்கிழமைன்னா சமையலுக்கு நடுவுல. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துல வந்துரும், அன்னைக்கு யாராவது விருந்தாளி வந்தா, "கொஞ்சம் இருங்க, உள்ள ஒரு வேலை இருக்கு"ன்னுட்டுப் போயிருவேன். நேரம் முடிஞ்சா எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டு வந்துருவேன். மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. புதன்கிழமை காலையிலயே ஒரு கவலை வந்து வாசல்ல நிக்கும். "மத்தியானம் வா"ன்னுருவேன். மத்தியானம் அது வர்றதில்ல. எனக்கே ஆச்சரியம், நாம கூப்பிட்ட நேரத்துக்கு வராத கவலை என்ன கவலை?

மகளுக்கு ஒரே ஒரு போன்தான் பேசுவேன். "நல்லா இருக்கியா? சரி, வச்சிரட்டா?" அவ்வளவுதான். அவ நம்பல. "யாரும்மா பேசுறது, அம்மாதானா?"ன்னு கேட்டா. "இன்னும் கொஞ்ச நாள் பாக்குறேன்"ன்னுட்டா. அதுக்குள்ள எட்டு மாசம் முடிஞ்சுருச்சு. இதுக்கு மேல வண்டியில கூட்டிட்டு வரலாமா கூடாதான்னு எனக்கு ஒரு கவலை. அதை வியாழக்கிழமைக்கு ஒத்தி வச்சேன்.

அப்பத்தான் ஒரு திங்கட்கிழமை. அன்னைக்குக் கோட்டாவைக் காலையிலயே முடிச்சுட்டேன். குளிச்சுட்டு, இதோ இந்த மாடிப்படியில உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கேன். மக கிட்ட இருந்து போன்.

"அம்மா..."ன்னா. குரலே வேற மாதிரி. "வலி வந்திருச்சும்மா. டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாடியே வந்திருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறோம்."

"சரிம்மா"ன்னேன்.

"சரியா? என்னம்மா பண்ணிக்கிட்டு இருக்க?"

"கீரை உருவிக்கிட்டு இருக்கேன்."

அதுக்கு அவ சொல்றா, "எனக்கு வலி வந்திருச்சுன்னு சொல்றேன், நீ கீரை உருவுறியா? உனக்குக் கவலையா இல்லையா?"

"இன்னைக்கு ராகு காலம் முடிஞ்சு போச்சேடி. இனிமே நாளைக்கு மூணு மணிக்குத்தான்."

அவ அழ ஆரம்பிச்சுட்டாம்மா. வலியில அழல, எனக்குத் தெரியாதா? "அம்மா, நீ கவலைப்படலன்னா எனக்குப் பயமா இருக்கும்மா. நீ பட்டுக்கிட்டு இருக்கன்னுதான் நான் இங்க தைரியமா இருந்தேன். படும்மா. இன்னைக்கு மட்டும் படும்மா!"

கீரையைத் தள்ளி விட்டேன். "படுறேன்டி கண்ணு, இதோ படுறேன்"ன்னு ஆரம்பிச்சேன் பாரு. ரிப்போர்ட் ஃபைலை எடுத்துக்கிட்டியா? எடுத்துட்டேன்ம்மா. கார்ல பெட்ரோல் இருக்கா? இருக்கும்மா. ஆஸ்பத்திரியில லிப்ட் நின்னு போச்சுன்னா? டெலிவரி ரூம் கீழதாம்மா. ஜெனரேட்டர் இருக்கா? இருக்கும்மா. டாக்டரம்மா ஊர்ல இருக்காங்களா? இருக்காங்கம்மா. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லச் சொல்ல அவ குரல் தேறிக்கிட்டே வருது. கடைசியா, "அங்க குரங்கு இருக்கா?"ன்னு கேட்டேன். அந்த வலியிலயும் சிரிச்சுட்டா. "இல்லம்மா"ன்னா.

திடீர்னு போன் கை மாறுது. நாகமணியம்மா. ரகசியம் பேசுற மாதிரி பேசுறாங்க. "சம்பந்தியம்மா, சீக்கிரம் கெளம்பி வாங்க. நான் இதெல்லாம் வாயில வெச்சுப் பழகாதவ. எல்லாத்தையும் நெஞ்சுக்குள்ளயே வெச்சு வெச்சுத் தூக்கமே இல்லீங்க. எனக்குஞ் சேத்து நீங்களே வந்து சொல்லிப்போடுங்க."

பாத்தியா? நான் நிம்மதின்னு நெனைச்சுப் பொறாமைப்பட்ட ஆளு!

கார் புடிச்சுக் கெளம்பிட்டோம். வழியெல்லாம் எங்க வீட்டுக்காரர் தூங்கிக்கிட்டே வந்தாரு. தூங்கட்டும்னு விட்டுட்டேன். நாங்க போய்ச் சேரும்போது மகளை உள்ள கொண்டு போகப் போறாங்க. என்னைப் பாத்ததும் எங்கையைப் புடிச்சுக்கிட்டா. "வந்துட்டியா? எங்கேயும் போயிராத. இங்கேயே நின்னு பட்டுக்கிட்டு இரு"ன்னா. கதவைச் சாத்திட்டாங்க. வெளிய பெஞ்சில நானும் நாகமணியம்மாவும். அவங்க எங்கைக்குள்ள கையைக் குடுத்துக்கிட்டாங்க. நான் மெதுவா ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே இருந்தேன், அது ஆயிருமோ, இது ஆயிருமோன்னு. அவங்க காதைப் பொத்தல. நான் நிறுத்தினா, "அப்புறம்?"ன்னு கேக்குறாங்க. நான் சொன்ன ஒண்ணுகூட நடக்கல. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு நர்சம்மா பேத்தியைக் கொண்டாந்து எங்கையில குடுத்தா. வீல்னு அழுதா பாரு, வேன் காலியாத் திரும்புன அன்னைக்குப் போன உசுரு எனக்குத் திரும்பி வந்துச்சு.

அந்த மதுரை டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி, உங்க வைத்தியம் நல்லா வேலை செஞ்சுதுன்னு சொன்னேன். நேரத்தை மட்டும் கொஞ்சம் மாத்திக்கிட்டேன்னும் சொன்னேன். அவ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. சந்தோசத்துல வாயடைச்சுப் போயிருக்கும்.

இப்ப மக கீழதான் இருக்கா. ஆமா, வந்துட்டாள்ல! குழந்தை மூச்சு விடுதா இல்லையான்னு, தூங்குற பிள்ளை மூக்குல அடிக்கடி விரலை வச்சுப் பாக்குறா. ஏன்டி, இப்பத்தானே பாத்தன்னு கேட்டா, "நீ சும்மா இரும்மா, இது சும்மா பாக்குறது"ங்குறா. நான் சிரிச்சுக்குவேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமையா? இப்பப் பத்தரை ஆகப்போகுது. நாங்க ரெண்டு பேரும் சேந்து உக்காருற நேரம். ஒனக்கும் ஏதாவது இருந்தாக் குடுத்துட்டுப் போ, சேத்துப் பாத்துக்கிடுறோம். புது ஊரு, புது வேலை. நீ நிம்மதியா ஆபீசுக்குப் போயிட்டு வா. வாடகையில அதுவும் சேத்திதான்.

இந்தா, உன் போன் மறுபடியும் அடிக்குது. இந்தத் தடவை எடுத்துரும்மா. வீடு பாத்துட்டேன், புடிச்சிருக்குன்னு சொல்லு. காலையில சாப்பிட்டேன்னு சொல்லு. படியேறும்போது சன்ஷேடு இருக்கு, குனிஞ்சுதான் வந்தேன்னு சொல்லு. ஜன்னலுக்குக் கம்பி இருக்கு, குரங்கு வராதுன்னு சொல்லு. எதை வேணாலும் சொல்லு. "கவலைப்படாதம்மா"ன்னு மட்டும் சொல்லிராத.